ஷோகன் வாரியர்ஸ்: கடன்பெற்ற பெயர்களும் இருபது இதழ்களும்

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'ஷோகன் வாரியர்ஸ்' என்னும் படக்கதைத் தொடரின் முதல் இதழ் 1979 பிப்ரவரி எனத் தேதியிடப்பட்டது. இருபதாவதும் இறுதியுமான இதழ், 1980 செப்டம்பர். எழுதியவர் டக் மென்ச், வரைந்தவர் ஹெர்ப் டிரிம்பி. பொம்மை விற்பனையை ஒட்டிப் பிறந்த வெளியீடு என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு பெயர் மொழி கடக்கும்போது தன் கதையையும் உடன் கொண்டுசெல்கிறதா என்னும் வினாவுக்கு இத்தொடர் நல்லதொரு சான்று.

ஜப்பானின் பாப்பி நிறுவனம், தொலைக்காட்சி அனிமேத் தொடர்களில் வந்த ராட்சத ரோபோக்களை இரண்டடி உயர நெகிழிப் பொம்மைகளாக விற்றது. அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த மேட்டல் நிறுவனம், வெவ்வேறு தொடர்களின் ரோபோக்களை ஒரே விற்பனைப் பெயரின்கீழ்த் திரட்டியது. 'ஷோகன்' என்பது ஜப்பானியப் படைத்தலைவரைக் குறிக்கும் வரலாற்றுப் பட்டம். அதற்கும் இந்த ரோபோக்களுக்கும் எத்தொடர்பும் இல்லை. மார்வெல் எடுத்துக்கொண்டவை மூன்று: 1975ஆம் ஆண்டுத் தொடரின் ரைடீன், 1976இன் காம்பாட்லர் வி, 1977இன் டேன்கார்ட் ஏஸ். ஜப்பானில் இவை தனித்தனிக் கதைகளுக்கு உரியவை.

இவற்றுள் காம்பாட்லரின் பயணம் சுவையானது. இப்பெயரின் 'பாட்லர்' போரிடுவோனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அடுத்தடுத்து மெய்கள் வருவதை ஜப்பானிய அசையமைப்பு பொதுவாக ஏற்பதில்லை. லகர ரகர வேறுபாடும் அம்மொழியில் இல்லை. ஆகவே அது 'பதோரா' என்றாயிற்று. அந்த ஒலிப்பு மீண்டும் ரோமன் எழுத்துக்குத் திரும்பியபோது பெயர் 'காம்பாட்ரா' என நின்றது. ஆங்கிலச் சொல்லொன்று தன் வீட்டுக்கே அயலாராக வந்து சேர்ந்தது. நம் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகித் தமிழுக்குத் திரும்பியது நினைவுக்கு வரும். கிரேட் மாசிங்கர் இப்பொம்மை வரிசையில் 'மசிங்கா' ஆனதும் இவ்வழியேதான்.

ஒலி வந்தது, பொருள் வரவில்லை. 'காம்' என்னும் முன்பகுதி இணைதலைச் சுட்டுவது. மூலத்தில் ஐவர் செலுத்தும் ஐந்து ஊர்திகள் ஒன்றிணைந்தே அந்த ரோபோ உருவாகும். மார்வெலிலோ அதனை இயக்குபவர் கென்ஜி ஒதாஷு என்னும் ஒரே விமானி. (அவர் பெண். ஆனால் 'கென்ஜி' ஜப்பானில் மினமோதோ குலத்தின் பெயர். முரசாகி ஷிகிபுவின் புகழ்பெற்ற காவியத் தலைவனின் பெயரும் அதுவே. அகராதியைப் புரட்டும் பொறுமை அன்று எவருக்கும் இல்லை போலும்.) அமெரிக்க சாகசக் கலைஞர் ரிச்சர்ட் கார்சனும், மடகாஸ்கரைச் சேர்ந்த கடலியல் அறிஞர் இலோங்கோ சாவேஜும் மற்ற இருவர். மூவரும் மார்வெலின் படைப்புகள், ரோபோக்கள் இரவல். இந்தப் பிளவே தொடரின் முடிவைத் தீர்மானித்தது.

1981 ஜனவரித் தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 226ஆம் இதழில் மென்ச்சே இக்கதைக்கு ஒரு பின்னுரை எழுதினார். விமானிகள் மூவரும் அதில் தோன்றுகின்றனர். ரோபோக்கள் அழிந்துவிட்டன என்ற செய்தி மட்டும் வருகிறது. இதே மென்ச்சும் டிரிம்பியும் 1978இல் 'காட்சில்லா' படக்கதைக்காகச் சொந்தமாகப் படைத்த ரெட் ரோனின் என்னும் ரோபோவுக்கு அந்தத் தடை எழவில்லை. காட்சில்லா தொடர் 24 இதழ்களோடு நின்ற பின்னரும், 1980இல் அது 'அவெஞ்சர்ஸ்' தொடரில் வந்து சண்டையிட்டது.