காணாமல் போன 97 எபிசோடுகள்: ஒரு மரண ஆய்வு

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ ஆஸ்பத்திரி விஷயம்னு நினைச்சு வந்திருப்பீங்க. மன்னிக்கணும் மக்களே, இன்னைக்கு நம்ம நோயாளி ஒரு டிவி தொடர்.

கொஞ்சம் நீளமான திரெட். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

நைட் டூட்டி முடிஞ்சு வந்தும் தூக்கம் வராத நாட்களில் நான் பார்ப்பது பழைய அறிவியல் புனைவுத் தொடர்கள். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிபிசியின் "டாக்டர் ஹூ".

தெரியாதவங்களுக்கு இரண்டு வரியில் கதை. "டாக்டர்" என்று மட்டுமே அழைக்கப்படும் ஒரு வேற்றுகிரகவாசி. அந்தக் கால லண்டன் தெருக்களில் நின்ற நீல நிறப் போலீஸ் டெலிபோன் பெட்டி மாதிரி இருக்கும் ஒரு வாகனத்தில் ஏறி, எந்தக் காலத்துக்கும் எந்த கிரகத்துக்கும் போவார். வெளியே இருந்து பார்த்தால் சின்னப் பெட்டி, உள்ளே நுழைந்தால் பெரிய கூடம்.

முதல் எபிசோடு 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஒளிபரப்பானது. முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஊரே வேறு கவலையில் இருந்தது. அதனால் அடுத்த சனிக்கிழமை, இரண்டாவது எபிசோடுக்கு முன்னாடி முதல் எபிசோடையே இன்னொரு தடவை போட்டாங்க.

அந்த முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். நம்ம லக்னோவில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். அவருக்கும் முப்பது ஆகவில்லை.

1964-ல் வாரிஸ் ஹுசைன் இயக்கிய இன்னொரு கதை "மார்கோ போலோ". டாக்டரும் கூட்டாளிகளும் மார்கோ போலோவோடு சேர்ந்து குப்லாய் கானின் அரண்மனைக்குப் பயணம் போவார்கள். மொத்தம் ஏழு எபிசோடு, அதில் ஆறு இவர் கைவண்ணம்.

ஆசையாத் தேடினேன். ஏழில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

எனக்குக் கிடைக்கலைன்னு சொல்லல. உலகத்துல யாருக்கும் கிடைக்கவில்லை. பிபிசியிடமே கிடையாது.

1963 முதல் 1969 வரை கறுப்பு வெள்ளையில் வந்த டாக்டர் ஹூ எபிசோடுகள் 253. 2013-ல் ஒரு பெரிய புதையல் கிடைத்தது. அதன் பிறகும் கணக்கில் வராமல் இருந்தவை 97. அந்தக் கணக்கை வைத்தே பேசுவோம்.

எங்கள் துறையில் தவிர்த்திருக்கக்கூடிய மரணம் நடந்தால் ஆய்வுக் கூட்டம் போடுவோம். ஒழுங்கா நடக்கும் கூட்டத்தில் "யாரைத் தூக்கில் போடலாம்"னு கேட்க மாட்டாங்க. எந்தக் கட்டத்தில் எது நடந்திருந்தால் இந்த உயிர் பிழைத்திருக்கும் என்பதுதான் கேள்வி. அதே முறையில் இந்த 97-ஐயும் பார்ப்போம் வாங்க.

முதலில் மரணத்துக்கான காரணம்.

அன்றைக்கு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது இரண்டு அங்குல அகல வீடியோ டேப்பில். விலை ரொம்ப அதிகம். ஆனால் அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆகவே 1967 தொடங்கி டாக்டர் ஹூ டேப்புகளை ஒவ்வொன்றாக அழித்து, வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். அறுபதுகளின் வீடியோ மாஸ்டர் டேப் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஏன் பாதுகாக்கவில்லை? பாதுகாத்து என்ன பயன்னு அவங்க கேட்டிருப்பாங்க. நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்கு மறு ஒளிபரப்பு செய்ய முடியாது. வீட்டில் கேசட் போட்டுப் படம் பார்க்கும் வசதியும் அப்போது கிடையாது. 1969-ல் பிபிசியின் முதல் சேனலுக்கும் கலர் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளையை இனி யார் கேட்பார்கள்?

ஆனால் டேப்பை அழிக்கும் முன், வெளிநாட்டு விற்பனைக்காக 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் நகல் எடுத்திருந்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங், சிங்கப்பூர், நைஜீரியா, சைப்ரஸ் என்று அந்த ஃபிலிம் சுருள்கள் உலகம் சுற்றின. ஒளிபரப்பு முடிந்ததும் அந்தந்த ஊர்க்காரர்கள் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: திருப்பி அனுப்பணும், அடுத்த நாட்டுக்கு அனுப்பணும், இல்லை அழிச்சுடணும்.

எழுபதுகளில் விற்பனை உரிமைக் காலம் முடிய முடிய, லண்டனில் இருந்த ஃபிலிம் நகல்களையும் விற்பனைப் பிரிவு தூக்கி எறிய ஆரம்பித்தது.

இங்கேதான் ஆய்வுக் கூட்டத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காரும் இடம். டேப்பை அழித்த பொறியியல் பிரிவுக்குப் பாதுகாப்பது வேலை இல்லை. ஃபிலிம் நூலகத்துக்கு ஃபிலிமாக வந்ததை வைத்துக்கொள்வதுதான் வேலை, வீடியோ நிகழ்ச்சி அவர்கள் பொறுப்பு இல்லை. விற்பனைப் பிரிவுக்கு விற்பதுதான் வேலை. ஒவ்வொருத்தரும் "அவங்ககிட்ட ஒரு காப்பி இருக்கும்"னு நினைச்சாங்க.

ஒவ்வொரு ஃபைலிலும் கையெழுத்து சரியா இருக்கு. நோயாளி மட்டும் இல்லை.

டாக்டர் ஹூவுக்கு மட்டும் நடந்ததில்லை இது. 1969-ல் மனிதன் நிலவில் கால் வைத்தபோது பிபிசி ஸ்டுடியோவில் இரவு முழுக்க நடந்த நேரலையின் மூலப் பதிவும் இன்று இல்லை.

கோபம் வருதா? எனக்கும் வந்தது. அப்புறம் என் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

சித்தப்பா சவுதியில் இருந்த காலம். போன் பேசினால் காசு எகிறும். அதனால் வீட்டில் எல்லோரும் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, கேசட்டை ஊருக்கு வந்து திரும்புறவங்க கையில் கொடுத்து அனுப்புவோம். ஒரு தடவை அப்பத்தா ரொம்ப நேரம் பேசியது. ஒரு தாலாட்டும் பாடியது. அப்பாவுக்கு அது பிடித்துப்போய், கேசட் கடையில் ஒரு காப்பி போட்டு வீட்டில் வைத்துக்கொண்டார். மேல் பதியக்கூடாது என்று கேசட் விளிம்பில் இருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்து வைத்தார்.

அப்பத்தா இறந்து இரண்டு வருஷம் கழித்து, பத்து வயசுப் பையன் ஒருத்தன் அந்த ஓட்டையில் பேப்பரை மடித்துத் திணித்து, ரேடியோவில் ஓடிய சினிமாப் பாட்டை அதில் பதிந்தான்.

அந்தப் பையன்தான் இதை எழுதிக்கிட்டு இருக்கான். எனக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது ஒரு காலி கேசட், அவ்வளவுதான். பிபிசிக்காரங்களுக்கும் அதேதான்.

சரி, யார் தடுத்து நிறுத்தினாங்க?

1978-ல் இயன் லெவின் என்ற ரசிகர், பழைய எபிசோடுகளை விலைக்கு வாங்கலாமா என்று கேட்டு பிபிசி விற்பனைப் பிரிவுக்குப் போனார். அங்கே, டேலெக்குகள் என்ற புகழ்பெற்ற வில்லன்கள் முதன்முதலில் வரும் கதையின் ஃபிலிம் பெட்டிகள் அழிப்பதற்காகத் தயாராக இருந்தன. அவர் போராடி நிறுத்தினார். அதே ஆண்டு, எதைக் காப்பது என்று தேர்வு செய்யும் பொறுப்புக்கு பிபிசி முதன்முறையாக ஒரு ஆளை நியமித்தது. அவர் சூ மால்டன். "இது என் வேலை" என்று சொல்ல ஒரு நாற்காலி வந்தது. அழிப்பு நின்றது.

அப்புறம் தொடங்கியது தேடல். கிடைத்த இடங்களைப் பாருங்க.

1983-ல் லண்டனில் ஒரு தேவாலயக் கட்டிடத்தின் நிலவறையில் இரண்டு எபிசோடு. 1999-ல் நியூசிலாந்தின் ஒரு ஃபிலிம் சேகரிப்பாளரிடம் ஒன்று. 2004-ல் பிபிசியின் முன்னாள் பொறியாளர் ஒருவரிடம் ஒன்று. 2011-ல் அறிவிக்கப்பட்ட இரண்டும், எண்பதுகளில் ஒரு பள்ளி விழாச் சந்தையில் ஒருவர் வாங்கி வைத்திருந்தவை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஹாங்காங் கதை. 1983-ல் டாக்டர் ஹூவை வீடியோ கேசட்டில் விற்கலாம் என்று பிபிசி முடிவு செய்தது. எந்தக் கதை வேண்டும் என்று ரசிகர்களைக் கேட்டார்கள். பெரும்பாலோர் கேட்டது "சைபர்மென்களின் கல்லறை" என்ற 1967-ஆம் ஆண்டுக் கதை. அதன் நான்கு எபிசோடில் ஒன்றுகூட அன்று பிபிசியிடம் இல்லை! 1991 கடைசியில் ஹாங்காங் தொலைக்காட்சி ஒன்றிலிருந்து நான்கும் முழுசாக வந்து சேர்ந்தன. 1992 மே மாதம் கேசட் கடைக்கு வந்தது.

2013 அக்டோபரில் அந்தப் பெரிய புதையல் அறிவிப்பு. நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் தூசி படிந்து கிடந்த 11 சுருள்களை ஃபிலிப் மோரிஸ் என்பவர் கண்டுபிடித்தார். (சிகரெட் கம்பெனி இல்லீங்க, ஆள் பேர்.) அதில் ஒன்பது எபிசோடு உலகத்திலேயே வேறெங்கும் இல்லாதவை.

இன்னொரு வேடிக்கை. ஆஸ்திரேலியத் தணிக்கைக்காரர்கள் "குழந்தைகள் பயப்படும்" என்று சில காட்சிகளை வெட்டினார்கள். வெட்டிய துண்டுகளைக் கோப்போடு பத்திரமாக வைத்தார்கள். முழு எபிசோடுகள் அழிந்தன. 1996-ல் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் அந்தத் துண்டுகள் கிடைத்தன. "யாரும் பார்க்கக்கூடாது" என்று வெட்டியது மட்டும்தான் இன்றைக்குப் பார்க்கக் கிடைக்கிறது.

1966 அக்டோபரில் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல், கதைப்படி உருமாறி பாட்ரிக் டிரவுட்டனாக எழுகிற காட்சி வந்தது. இந்தத் தொடர் அறுபது ஆண்டுகளைத் தாண்டியதற்குக் காரணமே அந்த யோசனைதான். அந்த எபிசோடு இல்லை. ஆனால் அந்தச் சில நொடிகள் இருக்கின்றன, 1973-ல் "ப்ளூ பீட்டர்" என்ற சிறுவர் நிகழ்ச்சி அதை எடுத்துப் போட்டதால்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒலி. அந்த 97 எபிசோடுகளுக்கும் முழு ஒலிப்பதிவு இருக்கிறது! எப்படி? அன்றைய பதின்வயதுப் பிள்ளைகள் சிலர் வீட்டு டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, வாராவாரம் பதிவு செய்திருக்கிறார்கள். படங்களும் இருக்கின்றன. ஜான் குரா என்ற புகைப்படக்காரர் ஓடிக்கொண்டிருக்கும் டிவி திரையைப் படமெடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுப் பிழைத்தார். ஒரு எபிசோடுக்கு அறுபது எழுபது படங்கள்.

இனி சிகிச்சை.

வீடியோ கேசட் காலத்தில் அந்தப் புகைப்படங்களையும் ஒலியையும் சேர்த்து, இல்லாத எபிசோடைச் சுருக்கமாகச் சொன்னார்கள். 2004-ல் அநாதையாய் மிஞ்சிய தனி எபிசோடுகளைத் திரட்டி ஒரு டிவிடி தொகுப்பு வந்தது. 2006-ல் "படையெடுப்பு" என்ற கதையின் இல்லாத இரண்டு எபிசோடுகளை, பழைய ஒலியின் மேல் அனிமேஷனாக வரைந்து டிவிடியில் சேர்த்தார்கள். 2016-ல் "டேலெக்குகளின் சக்தி"யின் ஆறு எபிசோடும், முதல் ஒளிபரப்பின் சரியாக ஐம்பதாவது ஆண்டு நாளில், அனிமேஷனாக வெளிவந்தது.

எழுபதுகளின் கலர் எபிசோடுகள் சில கறுப்பு வெள்ளை நகலாக மட்டுமே மிஞ்சின. அந்த நகலில் பழைய கலர் சமிக்ஞை மிக நுண்ணிய புள்ளிகளாகப் பதிந்திருந்தது. அதுவரை அதைக் குறை என்று நினைத்தார்கள். அந்தப் புள்ளிகளைக் கணினியில் படித்து மறுபடியும் கலரை மீட்டார்கள். வாசித்தபோது எழுந்து நின்று கைதட்டினேன்.

இந்த டிவிடிகளில் எனக்குப் பிடித்த நேர்மை ஒன்று உண்டு. அனிமேஷன் அனிமேஷனாகவே தெரியும். இல்லாததை இருப்பதுபோல் காட்டும் ஏமாற்று இல்லை. அசல் காட்சி ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று வரைபடமாக மாறும். அந்த இடத்தில்தான் இழப்பு எவ்வளவு பெரிது என்று உறைக்கும்.

ஆய்வின் முடிவு என்ன?

பொறுப்பில் இருந்தவர்களிடம் தொலைந்தது. பொறுப்பே இல்லாத பையன்கள், திரையைப் படமெடுத்து விற்றவர், தணிக்கைக்காரரின் கத்தரிக்கோல், திருப்பி அனுப்ப மறந்த ஒரு நைஜீரிய ஸ்டேஷன், இவர்களிடம் தங்கியது. ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தது போனது. நாலு இடத்தில் சிதறிக் கிடந்தது பிழைத்தது.

உங்க வீட்டுக் கல்யாணக் கேசட், தாத்தா குரல், செல்போனில் இருக்கும் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பழைய டேப் இருந்தால் இந்த வருஷமே கணினிக்கு மாற்றுங்க. டேப் பூஞ்சை பிடிக்கும், ஓட்டும் மெஷின் கிடைக்காமல் போகும். ஒரு காப்பி உங்ககிட்ட, ஒரு காப்பி கூடப்பிறந்தவங்ககிட்ட, ஒன்று வெளியூரில் யாரிடமாவது. முக்கியமா, "இது என் வேலை"ன்னு வீட்ல யாராவது ஒருத்தர் சொல்லணும்.

ஜோஸ் நகரக் கதையைப் படித்த அன்று ராத்திரியே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் ஊர் திரும்பிப் பல வருஷம் ஆச்சு.

"சித்தப்பா, அப்பத்தா பேசி அனுப்புன கேசட் ஒண்ணு உங்களுக்கு வந்துச்சுல்ல, ஞாபகம் இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சவுதியில இருந்து கொண்டாந்த பெட்டியை இன்னும் பிரிச்சுப் பார்க்கல தம்பி. பரண்மேல கிடக்கு. பொங்கலுக்கு வா, ரெண்டு பேரும் இறக்கிப் பார்ப்போம்."

இருக்கா இல்லையான்னு தெரியாது. பொங்கலுக்கு லீவு சொல்லிட்டேன்.