சகாயமாதா படத்தில் தொங்கும் செருப்பு



நேற்று காசிமேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவருக்கு முன்னால் சகாயமாதா படம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நாம் பார்த்து வளர்ந்த படம்தான். சகாயமேரி என்ற பெயர் என் வருகைப் பதிவேட்டில் எத்தனை வருடம் இருந்திருக்கிறது!

இதன் மூலப்படம் ரோமில் புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. மரப்பலகையில் வரைந்தது, உயரம் 54 செ.மீ.தான். 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்ததைப் பாடத்தில் படித்தீர்களே, பைசாந்தியப் பேரரசு அதோடு முடிந்தது. அதன் ஓவிய மரபு மட்டும் வெனிஸ்காரர்கள் ஆண்ட கிரீட் தீவில் தொடர்ந்தது. அந்த மரபில் வந்த படம் இது. ஒரு வணிகர் கிரீட்டிலிருந்து கப்பலில் எடுத்து வந்தார், 1499இல் ரோமில் ஒரு கோயிலில் வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. 1866இல் போப் ஒன்பதாம் பயஸ் இதை இரட்சகர் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்தார். அவர்கள் வழியாகத்தான் பிரதிகள் உலகமெல்லாம் போயின.

படத்தை உற்றுப் பாருங்கள். பின்னணித் தங்க நிறம் விண்ணகத்தைக் குறிக்கும். கிரேக்க எழுத்துகள் 'கடவுளின் தாய்' என்பதன் சுருக்கம். மேலே இரண்டு தேவதூதர்கள். நமக்கு இடப்பக்கம் மிக்கேல், கையில் ஈட்டியும் கடற்காளானும். வலப்பக்கம் கபிரியேல், சிலுவையும் ஆணிகளும். (நம்ம ஊர் பிரேம் கடைகளில் ஓரத்தை வெட்டும்போது பாதி தேவதூதர் போய்விடுவார்!) குழந்தை சிலுவைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது, இரண்டு கையாலும் தாயின் கையைப் பிடித்திருக்கிறது. ஒரு கால் செருப்பு கழன்று தொங்குகிறது.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "சார், செருப்பு ஏன் கழண்டு தொங்குது?" எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. "ஓடி விளையாடியிருக்கும், உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வாரம் அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தம்பி, குழந்தை விளையாடவில்லை. தனக்கு வரப்போகும் பாடுகளைப் பார்த்துப் பயந்து அம்மாவிடம் ஓடி வந்திருக்கிறது, அந்த வேகத்தில் செருப்பு கழன்றது என்றுதான் விளக்கம் சொல்கிறார்கள். அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மைத்தான் பார்க்கிறாள்.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தொடர்பில் இருந்தால் இதை அவனுக்கு அனுப்புங்கள்.