முடி உதிர்தல்

முடி உதிர்தல் என்பது தலைமுடி வழக்கத்துக்கு மேல் கொட்டுவதையும், முளைக்கும் முடி ஒவ்வொரு முறையும் மெலிந்து வழுக்கை விழுவதையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். இவை இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். கொட்டுவது பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்றுவிடும். மெலிவது, கவனிக்காமல் விட்டால், ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டுமே வரும். எது தனக்கு வந்திருக்கிறது என்று தெரியாமல் மருந்து வாங்குவதுதான் இந்தத் துறையில் நடக்கும் வீண்செலவின் பெரும்பகுதி. முடி எண்ணெயால் நாடு முழுவதும் பெயர்பெற்ற மைசூரு மாவட்டத்தை வைத்து இதை நன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

பட்சிராஜபுரத்து எண்ணெய்

மைசூரு நகருக்கு மேற்கே, குடகு போகும் வழியில் ஹுன்சூர் இருக்கிறது. அந்த வட்டத்திலுள்ள பட்சிராஜபுரம் ஹக்கிப்பிக்கி பழங்குடியினரின் குடியிருப்பு. பறவை பிடித்தும் சிறு விலங்குகளை வேட்டையாடியும் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள் இவர்கள். வீட்டில் பேசும் வாக்ரி மொழி குஜராத்திக்கு நெருக்கமானது; தமிழ்நாட்டு நரிக்குறவர்களின் பேச்சும் அதே குடும்பம். கர்நாடகத்தில் இவர்களின் எண்ணிக்கை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12,000.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பாசிமணி, பிளாஸ்டிக் பூ, மூலிகைத் தைலம் என்று பிழைப்பு மாறியது. தைலம் விற்க இவர்கள் ஆப்பிரிக்க நாடுகள் வரை போனார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டபோது அங்கே சிக்கிக்கொண்ட இந்தியர்களில் ஹக்கிப்பிக்கி மக்களும் இருந்தார்கள். 'ஆபரேஷன் காவேரி' என்ற மீட்புப் பணியில் ஊர் திரும்பினார்கள். அதையொட்டிய ஆண்டுகளில்தான் இடுப்பளவு கூந்தலோடு ஆண்களும் பெண்களும் தோன்றும் வீடியோக்கள் வழியாக 'ஆதிவாசி ஹேர் ஆயில்' இந்தியா முழுவதும் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சியது என்பது விளம்பரம். இன்று அதே பெயரில், அதே படங்களோடு, அந்த ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும் விற்கிறார்கள்.

வேட்டையை இழந்த ஒரு சமூகம் சொந்த உழைப்பில் காலூன்றியிருப்பது மதிக்க வேண்டிய சங்கதி. அந்த எண்ணெய் வழுக்கையை மாற்றுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை மயிர்க்காலில் இருக்கிறது.

மயிர்க்காலின் சுழற்சி

மனிதத் தலையில் சுமார் 1,00,000 முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் வளர்கிறது. வளர்பருவம் 2 முதல் 6 ஆண்டுகள் நீடிக்கும். அப்போது மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவு நீளும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வேர் சுருங்கும். அதன்பின் சுமார் 3 மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் அது உதிர்ந்து, அதே குழியிலிருந்து புதிய முடி கிளம்பும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருப்பதால் தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கூந்தல் எவ்வளவு நீளும் என்பதைத் தீர்மானிப்பது வளர்பருவத்தின் நீளம்; அது பரம்பரையில் வருவது. விளம்பரத்தில் வரும் நீண்ட கூந்தலைப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

மழித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்ற நம்பிக்கையும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலில் மொட்டையடித்துக் கபிலை ஆற்றில் குளித்து வருபவர்களின் தலையில் முடி முரடாக முளைப்பதுபோல் தெரியும். வெட்டுப்பட்ட நுனி கூராக இல்லாமல் தட்டையாக இருப்பதுதான் காரணம். குழிகளின் எண்ணிக்கையும் அளவும் அப்படியே இருக்கும்.

கொட்டும் முடி

உடலுக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று நேர்ந்தால் வளர்பருவத்திலிருக்கும் முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். டைஃபாய்டு, டெங்கு, கோவிட், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினிபோட்டு வேகமாக எடை குறைப்பது, பெருந்துயரம் எதுவும் இதைத் தூண்டலாம். ஓய்வு 3 மாதம் என்பதால் உதிர்வும் 2, 3 மாதம் கழித்தே தொடங்கும். காய்ச்சல் போய்விட்ட பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டுவதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. தண்ணீரையோ ஷாம்புவையோ குறை சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். அது ஏறக்குறைய மூன்றாம் மாதம். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

தோல் மருத்துவர்கள் இதை டீலோஜன் எஃப்ளூவியம் என்கிறார்கள். மயிர்க்கால் சாவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வு தானே அடங்கும். பழைய அடர்த்தி திரும்ப ஓராண்டு ஆகலாம். பல எண்ணெய்களுக்கு நற்பெயர் வந்தது இந்த இடத்தில்தான். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது மனம் கலங்கி ஒரு குப்பி வாங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் உதிர்வு நிற்கிறது. எண்ணெய் போடாவிட்டாலும் நின்றிருக்கும். ஆனால் கண்ணால் கண்டதைச் சாட்சி சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அதனாலேயே அந்தச் சாட்சிக்கு இவ்வளவு வலிமை.

உதிர்வு ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால் உள்ளே காரணம் தேட வேண்டும். பெண்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போகும் பெண்ணுக்குத் தைலம் தேய்த்துவிடுவது அன்பு. இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது அதைவிடப் பயனுள்ள அன்பு. அடுத்தது தைராய்டு. ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின், டி.எஸ்.எச். ஆகிய சோதனைகளே பலருக்குக் காரணத்தின் திசையைக் காட்டிவிடும்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், ஒடியவும் வைக்கும், வேரோடு பிடுங்காது. உதிர்ந்த முடியின் நுனியில் வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது, இல்லையென்றால் ஒடிந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மெலியும் முடி

ஆண்களுக்கு நெற்றி ஏறி, உச்சியில் சொட்டை விழுவதும், பெண்களுக்கு முன்நெற்றிக் கோடு மாறாமல் வகிடு மட்டும் அகன்றுகொண்டே போவதும் ஒரே வகை. டெஸ்டோஸ்டிரோன் மயிர்க்காலில் டி.எச்.டி. என்ற வலிய ஹார்மோனாக மாறுகிறது. பரம்பரையாக அதற்கு இளகிய மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்து, கடைசியில் பூனைமுடிதான் முளைக்கும். பிடரியிலும் காதோரத்திலும் உள்ளவை அதற்கு அசையாதவை. முக்கிய மரபணு ஒன்று தாய்வழியில் வருவது உண்மை. ஆனாலும் தாய்வழித் தாத்தாவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, தந்தைவழி மரபணுக்களும் பல உண்டு. பெண்களில் மாதவிடாய் நிற்கும் வயதில் இது கூடும். சினைப்பை நீர்க்கட்டி உள்ள இளம்பெண்களுக்கு, முகத்தில் முடியும் முகப்பருவும் சேர்ந்து முன்பே வரலாம்.

டி.எச்.டி.யின் பங்கு கண்டறியப்பட்ட கதை சுவையானது. பருவமடையும் முன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் எழுதினார். 1974இல் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்துக் குடும்பங்களை விவரித்தார்கள். அங்கே சில ஆண்களுக்கு டி.எச்.டி. உண்டாக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே நின்றது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்க ஒரு மாத்திரை செய்யலாமே என்ற எண்ணத்தில் பிறந்தது ஃபினாஸ்டரைடு. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் 1 மில்லிகிராம் அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

புழுவெட்டும் பிறவும்

காசளவு வட்டமாக முடி போய், தோல் வழவழவென்று தெரிந்தால் அது புழுவெட்டு. புழுவுக்கு இதில் வேலை இல்லை. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்காலையே தாக்குகிறது. உலகில் நூற்றில் இருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரும். சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் வழக்கம். 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றைச் சோதித்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள், ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓராண்டில் தானாகவே முளைத்துவிடுகிறது. மருத்துவர்கள் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். கடுமையாகப் பரவிய நோய்க்கு பாரிசிட்டினிப் மாத்திரை 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இழுத்துப் பின்னுவதாலும் கொண்டையாலும் நெற்றியோரம் முடி போகும். பின்னலைத் தளர்த்தினால், நாள்பட்டதாக இல்லாவிட்டால், திரும்பும். குழந்தைகளின் தலையில் செதிலோடு முடி ஒடிந்திருந்தால் அது படர்தாமரை. உள்ளே சாப்பிடும் மருந்து வேண்டும். தோல் வடுவாகி மயிர்க்குழியே மறைந்தால் முடி திரும்பாது, ஆகவே எரிச்சலோ வலியோ சீழோ இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நஞ்சும் ஒரு காரணம்: 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டக் கிராமங்களில் பலருக்குச் சில நாட்களிலேயே தலை வழுக்கையானது. ரேஷன் கோதுமையில் மிகுந்திருந்த செலினியத்தைக் காரணமாகக் காட்டினார் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர்.

எண்ணெய்க்கு உள்ள இடம்

தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, குளிக்கும்போது புரதம் கரைவதைக் குறைக்கிறது. 2003இல் வெளியான மும்பை ஆய்வு இதைக் காட்டியது. அந்த எண்ணெயில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை எதைக் காய்ச்சினாலும் இந்தப் பயன் கிடைக்கும். முடி ஒடியாது, சிக்காது, பளபளக்கும். சிறுத்த மயிர்க்காலைப் பெரிதாக்கும் என்பதற்கு இந்த அளவு சான்று இல்லை. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது: அதைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. பொடுகு இருப்பவர்கள் எண்ணெயைத் தலையில் ஊறவைத்தால் பொடுகு கூடும்.

மருத்துவம்

மைசூரு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கே.ஆர். மருத்துவமனையும், ஜே.எஸ்.எஸ். மருத்துவமனையும் தோல் பிரிவு உடையவை. முதல் பார்வையிலேயே எந்த வகை என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

மெலியும் வகைக்கு மினாக்சிடில் முதல் மருந்து. இரத்தக் கொதிப்புக்காக வந்த மாத்திரை இது. சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் முடி முளைத்ததைக் கண்டு தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், 1988இல் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொருந்தும். தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கூடும். பழைய முடி வழிவிடுகிறது என்பதே பொருள். பயந்து நிறுத்துபவர்கள் ஏராளம். 4 முதல் 6 மாதம் கழித்தே பலன் தெரியும், நிறுத்தினால் சில மாதங்களில் பலன் போய்விடும். ஃபினாஸ்டரைடு ஆண்களுக்கு உரியது. ஒரு சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் வரலாம் என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும். பெண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் தரப்படுவதுண்டு, அதையும் கர்ப்ப காலத்தில் சாப்பிடக் கூடாது. கடையில் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின், அதன் குறைபாடு உள்ள சிலருக்கே தேவை. அது தைராய்டு, மாரடைப்பு சோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டவும் கூடும்.

முடி நடுதல், பிடரி முடி எங்கே நட்டாலும் தன் குணத்தை விடாது என்ற கண்டுபிடிப்பில் நிற்கிறது. அது நியூயார்க்கின் நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதியது. சிறிய அறுவை என்று நினைத்துவிடக் கூடாது. 2016இல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உயிரிழந்தார். தகுதிபெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நெறிமுறை வெளியிட்டது. நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, 3, 4 மாதம் கழித்து மறுபடி முளைத்து நிலைக்கும். சுற்றியுள்ள பழைய முடி மட்டும் மெலிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே நட்ட பிறகும் மருந்து தொடர்கிறது. இருபதுகளின் தொடக்கத்தில், வழுக்கை எதுவரை போகும் என்று தெரியாத வயதில், நல்ல மருத்துவர்கள் நட மறுக்கிறார்கள்.