வரமும் தொழிலும்: கன்னட நடிகர் இராஜ்குமாரின் நாடகக் குழு வாழ்க்கை

தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் நடிகர்களின் இளமைக் காலத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். வறுமை, பள்ளியை விட்டமை, நாடகக் குழுவில் சேர்ந்தமை எனச் சொல்லி உடனே முதற்படத்திற்கு வந்துவிடுவர். கன்னட நடிகர் இராஜ்குமார் (1929–2006) பற்றிய எழுத்துகளிலும் பெரும்பாலும் இதே நிலையைக் காணலாம். கன்னட மக்கள் அவருக்கு வழங்கிய பட்டங்களுள் ‘வரநட’ என்பது ஒன்று. வரமாகக் கிடைத்த நடிகர் என்பது அதன் பொருள். அன்பின் வெளிப்பாடு என்ற அளவில் இப்பட்டத்தில் குறை காண ஏதுமில்லை. வரலாறு என்று கொள்ளும்போதோ, அது நெடிய உழைப்பொன்றை மறைத்துவிடுகிறது. அவருடைய நடிப்பு தந்தையின் தொழிலாக, நாடகக் குழு என்னும் நிறுவனத்தின் வழியே அவர் கைக்கு வந்ததாகும்.

முத்துராஜு என்னும் இயற்பெயருடைய அவர் 1929 ஏப்ரல் 24 அன்று காஜனூரில் பிறந்தார். தாளவாடி மலைப்பகுதியைச் சார்ந்த அச்சிற்றூர் அந்நாளில் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அம்மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. தாளவாடிப் பகுதி சென்னை மாநிலத்திலேயே நின்றது. இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. கன்னடத் திரையின் முதன்மை நடிகரது பிறந்த ஊர் இவ்வாறு தமிழக எல்லைக்குள் அமைந்தது. ஆயினும் தமிழ் வாசகர் பலர் அவ்வூரை 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் அவரைக் கடத்திச் சென்ற நிகழ்ச்சியாலேயே அறிவர். 108 நாள் நீடித்த அந்நிகழ்ச்சி, ஊரின் பெயரைப் பரப்பிய அளவிற்கு அங்கிருந்து புறப்பட்ட ஒரு நாடகக் குடும்பத்தின் வரலாற்றைப் பரப்பவில்லை.

தந்தை சிங்காநல்லூர் புட்டசாமையா மேடை நடிகர். இரணியகசிபு, இராவணன், கம்சன் ஆகிய வேடங்களில் பெயர் பெற்றவர். இவை மூன்றும் உரத்த குரலும் நீண்ட மூச்சும் வேண்டும் வேடங்கள் என்பது கருதத்தக்கது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை சொல் சிதையாமல் சென்று சேர வேண்டும். அவர் பணியாற்றிய குப்பி நாடகக் குழு 1884இல் தொடங்கப்பெற்றது. குப்பி வீரண்ணா (1891–1972) தலைமையில் அது கன்னட நாட்டின் மிகப் பெரிய நாடக நிறுவனமாக வளர்ந்தது. யானை, குதிரைகளையே மேடையேற்றிய குழு அது. வீரண்ணாவின் மனைவியரும் மக்களும் அதில் நடித்தனர். நடிகர் குடும்பங்களுக்கு அதுவே ஊர், அதுவே வீடு. கன்னடம், தெலுங்கு, தமிழ் வழங்கும் பகுதிகளில் மாறி மாறி முகாமிட்ட அக்குழுவிற்குப் பின்னாளில் வந்த மாநில எல்லைகள் ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

முத்துராஜு எட்டு வயதளவில் பள்ளியை விட்டுத் தந்தையுடன் மேடைக்கு வந்தார். தமிழ் நாடக வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பெண்வேட நடிகராகிய கண்ணுசாமிப் பிள்ளையும் அவருடைய மக்களும் 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்த வரலாற்றைத் தி.க. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் எழுதியுள்ளார். தந்தை நடிகர், மைந்தரும் நடிகர் என்னும் அமைப்பு இரு மொழிகளிலும் ஒன்றே. இவ்வமைப்பைக் குலத்தொழிலின் தொடர்ச்சி என்று மட்டும் கொள்வது போதாது. நாடகக் குழுவில் தந்தை ஒருவரே ஆசிரியர் அல்லர். பாடல் கற்பிப்பவர், வசனம் கேட்பவர், ஒப்பனை செய்பவர், மூத்த நடிகர் என ஆசிரியர் பலர். இரவுதோறும் ஒரே காட்சியைத் திரைமறைவில் நின்று கேட்பதே பாடம்.

கேள்வியைத் தனி அதிகாரமாக வைத்த மரபினர்க்கு இக்கல்வியின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. புராண நாடகங்களின் வசனம் வடசொற்கள் விரவிய இலக்கியக் கன்னடம். பள்ளிக் கல்வி தொடக்கநிலையைத் தாண்டாத சிறுவன் அதனைச் செவிவழியே பெற்றான். பின்னாளில் புராண, வரலாற்றுப் படங்களில் அவருடைய கன்னட உச்சரிப்பு முன்மாதிரியாகப் போற்றப்பட்டதற்கு வேர் இங்கேயே உள்ளது. எனினும் இவ்வமைப்பை ஒரேயடியாகப் போற்றுவதும் பொருந்தாது. அதே 1929இல் பிறந்து அதே குழுவில் சிறுவனாகச் சேர்ந்த பி.வி. காரந்த்தை வீரண்ணா காசிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்; அவர் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக உயர்ந்தார். முத்துராஜுவிற்கு ஏட்டுக்கல்வியின் கதவு மீண்டும் திறக்கவில்லை. 1976இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துக் காண வேண்டும்.

1954இல் எச்.எல்.என். சிம்ஹா இயக்கிய ‘பேடர கண்ணப்ப’ படத்தில் முத்துராஜு இராஜ்குமார் ஆனார். மகன் திரையில் தலைமை வேடம் ஏற்றதைக் காணப் புட்டசாமையா உயிருடன் இல்லை. வேடமோ கண்ணப்பர். சேக்கிழாரால் விரிவாகப் பாடப்பெற்று, ஹரிஹரனின் ரகளை வழியே கன்னடத்தில் வேரூன்றிய அக்கதை, மேடைக்கும் அங்கிருந்து திரைக்கும் வந்தது. பெரியபுராணத்தில் திண்ணனாரின் வில் பயிற்சிக்குச் சேக்கிழார் தரும் இடம் பெரிது. நாகன் தன் மைந்தனுக்குத் தொழில் கற்பிக்கச் செய்து, மூப்பெய்தியபின் தலைமையை அவனிடம் ஒப்படைக்கிறான். தந்தை தொழிலில் வளர்ந்த நடிகர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வேடம் அமைவது அரிது. இதே கதையின் தெலுங்குப் படமே அவர் நடித்த ஒரே பிறமொழிப் படம்.

மேடையில் பாடி நடித்துப் பழகியவருக்குத் திரையில் பாடும் வாய்ப்பு எளிதில் வாய்க்கவில்லை. கண்ணப்பருக்குத் தமிழ்ப் பாடகர் சி.எஸ். ஜெயராமன் குரல் கொடுத்தார். பின்னர் நெடுங்காலம் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடினார். இடையில் பாடிய ஓரிரு பாடல்களை விடுத்தால், 1974இல் ‘சம்பத்திகெ சவால்’ படத்தில்தான் அவருடைய சொந்தக் குரல் நிலைபெற்றது. 1992ஆம் ஆண்டின் ‘ஜீவன சைத்ர’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகர்க்கான தேசிய விருதையும் பெற்றார். மேடை தந்த இசைப் பயிற்சி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அரசின் ஏற்பைப் பெற்றது.

திரைக்கு வந்தபின்னும் மேடை அவரை விடவில்லை. கன்னடப் படத்தொழில் நலிந்திருந்த காலத்தில் ஜி.வி. ஐயர், பாலகிருஷ்ணா, நரசிம்மராஜு ஆகியோருடன் சேர்ந்து மீண்டும் நாடகம் நடத்தினார். நால்வரும் குப்பி குழுவில் பயின்றவர்களே. 1960இல் ‘ரணதீர கண்டீரவ’ படத்தை அவர்கள் கூட்டாகத் தயாரித்தனர்.

1983இல் வெளிவந்த ‘பக்த பிரகலாத’வில் தந்தையின் இரணியகசிபு வேடத்தை இராஜ்குமார் ஏற்றார். பிரகலாதனாக நடித்தவர் அவருடைய இளைய மகன் புனீத். 1988இல் கண்ணப்பர் கதை மீண்டும் படமானபோது வளர்ந்த கண்ணப்பராக மூத்த மகன் சிவராஜ்குமாரும், சிறுவன் கண்ணப்பராகப் புனீத்தும் நடித்தனர். சிவபெருமானாகத் தோன்றியவர் இராஜ்குமார்.