காகிதத் துண்டும் நசுங்கிய தகர டப்பாவும்

குண்டு வெடித்தால் நெருப்பும் புகையும்தான் கண்ணில் படும். தூரத்துச் சுவரைச் சாய்ப்பது காற்று. வெடித்த இடத்துக் காற்று ஒரேயடியாக நெருக்குண்டு, ஒலியை மிஞ்சும் வேகத்தில் கிளம்புகிறது. முதலில் தள்ளும், அது கடந்ததும் அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைந்து, எதிர்ப்பக்கம் இழுக்கும். இதை எப்படி அளப்பது?

1945 ஜூலை 16 அதிகாலை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தார்கள். சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி நின்ற என்ரிகோ ஃபெர்மியின் கையில் சில காகிதத் துண்டுகள். வெளிச்சம் தெரிந்து சுமார் 40 விநாடி கழித்தே காற்றலை வந்தது. அது வருமுன்பும், வரும்போதும், போன பின்பும் ஆறடி உயரத்திலிருந்து துண்டுகளைக் கீழே விட்டார். அப்போது அங்கே காற்றே வீசவில்லை. அலையில் சிக்கியவை சுமார் இரண்டரை மீட்டர் தள்ளி விழுந்தன. உடனே 10,000 டன் டி.என்.டி. என்று மதிப்பிட்டார். உண்மை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்தான். இருந்தாலும் காகிதத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டே வந்தாரே!

இங்கிலாந்தின் ஜெஃப்ரி டெய்லருக்கு அதே வெடிப்பின் புகைப்படங்களே போதுமாயிருந்தன. வெடித்து 25 மில்லி விநாடியில் தீக்கோளத்தின் ஆரம் சுமார் 140 மீட்டர். கோளம் விரியும் வேகத்திலிருந்து சக்தியைக் கணக்கிட்டு, சுமார் 17,000 டன் என்று 1950இல் வெளியிட்டார்.

மனசை உறுத்துவது ஜப்பானில் நடந்த அளவெடுப்பு. வில்லியம் பென்னி என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், போர் முடிந்ததும் ஹிரோஷிமா, நாகசாகி இடிபாடுகளுக்குள் அலைந்தார். நசுங்கிய தகர டப்பா, வளைந்த கம்பம் எல்லாம் அவருக்கு அழுத்தமானிகள். டப்பா எவ்வளவு நசுங்கியது என்பதிலிருந்து அங்கே விழுந்த அழுத்தம் தெரியும். 1970இல் அவரும் சகாக்களும் சொன்ன கணக்கு: ஹிரோஷிமா 12,000 டன், நாகசாகி 22,000 டன். அந்த டப்பா கிடந்த தெருவில் மனிதர்களும் இருந்தார்கள்.

உண்மையான கருவிகளும் இருந்தன. குண்டு விமானத்தோடு பறந்த இன்னொரு விமானம் அழுத்தமானிகளைப் பாராசூட்டில் இறக்கியது. அவை அளவுகளை வானொலி மூலம் விமானத்துக்கே அனுப்பின. நாகசாகியில் இறங்கிய அந்தக் கருவிகளோடு, லூயிஸ் ஆல்வாரெஸும் இரு நண்பர்களும் ஒரு கடிதத்தின் பிரதிகளை இணைத்திருந்தார்கள். பெர்க்லியில் தங்களோடு ஆராய்ச்சி செய்த ரியோகிச்சி சகானே என்ற ஜப்பானிய இயற்பியலாளருக்கு எழுதியது. இது அணுகுண்டு என்பதை உங்கள் தலைவர்களுக்கு எடுத்துச் சொல்லி, போரை நிறுத்தப் பாருங்கள் என்பது அதன் சாரம். கடிதம் ஜப்பானியர் கையில் கிடைத்தது. சகானேயிடம் போய்ச் சேர்ந்ததோ, போர் முடிந்த பிறகுதான்.