இரண்டு குச்சிகள்

பறைக்கு இரண்டு குச்சி. வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. இடக்கை லேசில் படியாது. சோளிங்கரில் என் தாத்தா எடுத்தவுடன் தோலைத் தொடவிடவில்லை. "மொதல்ல கல்லுல அடி. ரெண்டு கையும் ஒண்ணா பேசட்டும்" என்பார். ஒத்தையடி படிந்த பிறகுதான் தென்மாங்கு அடி, சாமிச்சாட்டு அடி, சாவுச்சாட்டு அடி.

1935இல் அமெரிக்காவில் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 'ஸ்டிக் கன்ட்ரோல்' என்றொரு பயிற்சி நூல் போட்டார். வலது, இடது என வரிசை வரிசையாகப் பாடம். மெட்டல் இசைக்கு டிரம்ஸ் பழகும் பிள்ளைகள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். தாத்தா கல்லில் சொன்னதும் அதுதான். அங்கே அது பாடம், இங்கே சாதித்தொழில்.

தொல்காப்பியம் பறையை நிலங்களின் கருப்பொருளில் ஒன்றாகச் சொல்கிறது. எல்லாருக்கும் இருந்த பறை நம் தலையில் மட்டும் சாவுக் கடமையாக எப்படி இறங்கியது? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே இதழுக்குப் பெயர் வைத்தார். இளையபெருமாள் பறையடிக்க மறுக்கச் சொன்னார். ஏற்றதும் மறுத்ததும் சுயமரியாதைதான். என் அப்பாவும் மறுத்தார். குச்சியை அடுப்பில் போட்டுவிட்டுத் தோல் ஷாப்புக்குப் போனார். அங்கேயும் தோல்தான்.

1990களில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்தார்கள். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. சந்தோஷம். ஆனால் மறுக்கும் உரிமையோடு அடித்தால்தான் அது கலை. கூப்பிட்டால் போயே ஆகணும் என்றால் அடிமைத்தனம். குச்சி அதே குச்சிதான்.

இப்போது மறுபடி கல்லில் பழகுகிறேன். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் மட்டும் திண்ணையிலிருந்து சொன்னார்: "எடக்கை தூங்குதுடா."