ஓட்டுநரோடு நிற்கும் வழக்கு, ஓட்டுநரைத் தாண்டும் வழக்கு

2014 ஜூன் 7 அதிகாலை, அமெரிக்காவின் நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் வால்மார்ட் நிறுவனத்தின் லாரி ஒன்று முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வேனின் பின்புறத்தில் மோதியது. வேனில் வந்தவர்களில் ஒருவர் இறந்தார். நகைச்சுவை நடிகர் டிரேசி மோர்கன் படுகாயமடைந்தார். லாரி ஓட்டுநர் 28 மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கவில்லை என்பதைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டுபிடித்தது. அவருக்கு வீடு ஜார்ஜியாவில், வேலை டெலவேரில். சுமார் 800 மைல் சொந்த வண்டியில் வந்துவிட்டு, கண்ணயராமலே லாரியில் ஏறியிருக்கிறார்.

இதே மோதல் கிருஷ்ணகிரிக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் நடந்திருந்தால் அந்த 28 மணி நேரம் கோர்ட் வாசலைத் தொட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

நம் ஊரில் நடப்பது இது. லாரியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்ததாக எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி ஏறும். இயந்திரக் கோளாறு காரணமல்ல என்று மோட்டார் வாகன ஆய்வாளர் சான்று தருவார். விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. மனு போட்டவருக்குப் பெரும்பாலும் இவையே போதும். கிரிமினல் வழக்கைப் போல ஐயம் திரிபற நிரூபிக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் தவறு செய்தார் என்றால் ஓனர் பொறுப்பு, ஓனர் பொறுப்பு என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். வண்டியை விற்றிருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறாதவரை பழைய ஓனர்தான் ஓனர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்டு பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பும் கிடையாது.

பணம் எப்படியும் வரும் என்னும்போது, ஓட்டுநரை இரவு பகலாக விரட்டியது யார் என்று மனுதாரரின் வக்கீல் ஏன் தோண்ட வேண்டும்? தோண்டினாலும் தொகை கூடாது. இறந்தவரின் வயது, வருமானம், 2009இல் சர்லா வர்மா வழக்கில் வகுத்த பெருக்கற் பட்டியல் ஆகியவையே கணக்கை முடித்துவிடும். ஓனரின் பேராசைக்கென்று அந்தக் கணக்கில் இடமில்லை.

அமெரிக்காவில் கணக்கே வேறு. பொதுச் சரக்கு ஏற்றி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வாடகை லாரிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பு 7,50,000 டாலர். 1980களில் வைத்த தொகை, இன்றும் அதேதான். அந்த நாட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது எந்த மூலைக்கு? அதற்கு மேல் வேண்டுமானால் நிறுவனத்தின் தவறை ஜூரியின் கண்முன் வைக்க வேண்டும். அதனால் வக்கீலின் முதல் வேலை, ஆவணம் எதையும் அழிக்காதீர்கள் என்று நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்புவது. வேலைநேரப் பதிவுகளை 6 மாதம் வைத்திருந்தாலே விதிப்படி போதும் என்பதால் இந்த அவசரம். 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு, 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான லாரிகளில் மின்னணுக் கருவியே இதைக் குறித்துக்கொள்கிறது. அந்தப் பதிவு, எஞ்சின் கணினி, பிரேக் பழுது பார்த்த ரசீது, வேலைக்கு எடுத்தபோது பழைய விபத்துகளை விசாரித்தார்களா என்பது வரை எல்லாம் வழக்குக்குள் வரும்.

இப்படித் தோண்டுவதால் நியாயம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. 2014 டிசம்பரில் டெக்சஸில் பனி உறைந்த சாலையில் ஒரு பிக்கப் வண்டி சறுக்கி, நடுப்பகுதியைக் கடந்து, எதிரே வந்த வெர்னர் நிறுவன லாரியின்மீது மோதியது. பிக்கப்பில் இருந்த ஒரு சிறுவன் இறந்தான். லாரியை ஓட்டியவர் பயிற்சியில் இருந்தவர். தவறில் 70 சதவீதம் நிறுவனத்துடையது, 14 சதவீதம்தான் ஓட்டுநருடையது என்று 2018இல் ஜூரி பிரித்து, ஏறத்தாழ 9 கோடி டாலர் தரச் சொன்னது. 2025 ஜூனில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்தது. பிக்கப் சறுக்கி எதிர்ப்பக்கம் வந்ததே காரணம், லாரியின் வேகம் சட்டப்படி காரணமாகாது என்றது. பத்தாண்டு அலைச்சலுக்குப் பின் லாரி நிறுவனத்திடமிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. இங்கே என்றால், யார் தவறு என்றே கேட்காமல் உயிரிழப்புக்கு 5 லட்சம் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவாவது இருந்திருக்கும்.

நம் ஏற்பாட்டின் தாராளத்துக்கும் எல்லை உண்டு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் லோடு வண்டியில் ஏறிப் போகும் கூலி ஜனங்கள் கவிழ்ந்து செத்தால், சரக்கு வண்டியில் பயணிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று 2002இன் ஆஷா ராணி தீர்ப்பு கதவைச் சாத்திவிட்டது. பஸ் வராத ஊர்க்காரர்கள்மீது விழும் இந்த விதி எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

ஓர் இடத்தில் மட்டும் இரு நாடும் ஒன்றாக நிற்கின்றன. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தாலும் முதலில் பணத்தைக் கட்டு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நம் நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் வழிகாட்டியது. பாலிசியில் ஓட்டை இருந்தாலும் பொதுமக்களுக்குக் கட்டிவிட்டு நிறுவனத்திடம் திரும்பப் பெறும் எம்.சி.எஸ்.-90 என்ற ஒப்புதல் அங்கே இருக்கிறது.

ஓட்டுநர் ஓய்வில்லாமல் ஓட்டினாரா என்பதற்கு நம்மிடம் சாட்சியம் இல்லாமலும் இல்லை. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரம்பு வைத்தது. 2021 முதல் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒரே ஓட்டுநரோடு கிளம்பிய லாரி எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்று பார்த்தால் அவர் எவ்வளவு தூங்கியிருக்க முடியும் என்பது தெரிந்துவிடும். ஆவணத்தை வரவழைக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. கேட்பதால் ஆதாயம் உள்ளவர் பணம் கட்டும் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுதான். ஆனால் அது தப்பிக்கச் சொல்லக்கூடிய காரணங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு எண்ணி வைத்திருக்கிறது. லைசென்ஸ், பர்மிட், குடிபோதை எல்லாம் அதில் உண்டு. ஓட்டுநரின் வேலை நேரம் இல்லை.